ஆத்தங்குடிக் கல்லில் ஒரு வில் நிலை

கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்விக வீட்டு வளவுத் தாழ்வாரத்தில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்கள் ஒவ்வொன்றும் பத்து அங்குலச் சதுரம் என்பதை நாற்பத்தாறு வயது வரை நான் அளந்து பார்த்ததில்லை. சென்ற ஆடியிலிருந்து வாரம் மூன்று நாள், காலை ஐந்தே முக்காலுக்கு, அந்தக் கற்களின் மேல் நின்று தாய்ச்சி என்னும் மெதுவான சீனத் தற்காப்புப் பயிற்சியும் அதற்குத் துணையாகக் குங்ஃபூவின் அடிப்படை நிலைகளும் கற்று வருகிறேன். என் பாதம் எங்கே விழ வேண்டும் என்பதற்கு அந்தக் கோடுகளைத் தவிர வேறு அளவுகோல் எனக்கில்லை.

கற்றுத் தருபவர் பள்ளத்தூர்க்காரர். சிங்கப்பூரில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதும் வேலை பார்த்தவர்; அங்கே தம் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் விடியற்காலையில் கூடும் சீன முதியவர்களோடு நின்று நின்று பழகி, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். நான் அவரை அண்ணே என்றே அழைக்கிறேன். மாஸ்டர் என்று ஒருமுறை அழைத்தபோது, "கராத்தே படமா எடுக்கிறோம் தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

முதல் நாள் அவர் சொன்ன சீனச் சொல் எனக்குக் 'குங்ஃபூ' என்றே கேட்டது. "இன்னும் ஆழமா குங்ஃபூ", "முட்டி முன்னால போகுது, குங்ஃபூவைச் சரிபண்ணு" என்றெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, கலையின் பெயரையே ஒரு நிலைக்கும் வைத்திருக்கிறார்கள் போலும் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது 'கோங் பூ', அதாவது வில் நிலை. குங்ஃபூ என்பது நாள்பட்ட உழைப்பினால் கைவரும் தேர்ச்சியைக் குறிக்கும் சொல். அது சமையலுக்கும் பொருந்தும், தச்சு வேலைக்கும் பொருந்தும். தாய்ச்சியில் உள்ள 'ச்சி'யும் இப்படித்தான் நம் காதை ஏமாற்றுகிறது. உயிராற்றல் என்று சொல்லப்படும் 'ச்சி' வேறு எழுத்து. தாய்ச்சியின் 'ச்சி' எல்லை அல்லது உச்சம் என்னும் பொருளுடையது. சீன எழுத்தில் தனித்தனியாக நிற்பவை தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

வில் நிலைக்கு வருகிறேன், ஏனெனில் என் முதல் இரண்டு மாதங்களும் அதிலேயே கழிந்தன. முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, உடல் நிமிர்ந்து நிற்கும் நிலை அது. உடல் பாரத்தில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு முன்காலில் இருக்கும். பார்க்க எளிது. ஆனால் இரண்டு குதிகால்களும் ஒரே கோட்டில் விழுந்துவிட்டால், கயிற்றின் மேல் நடப்பவனைப் போல இடுப்பு ஆடத் தொடங்கும். அண்ணன் அதற்கு ஒரு வழி சொன்னார்: இடது குதிகால் ஒரு கல் வரிசையில் இருந்தால் வலது குதிகால் பக்கத்து வரிசையில் இருக்க வேண்டும்; நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், அகலம் ஒரு கல்லுக்குக் குறையக் கூடாது. அன்றைக்கு இடுப்பின் ஆட்டம் நின்றது. ஆத்தங்குடிக் கல் கண்ணாடியின் மேல் வார்க்கப்படுவது. சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. அதன் வழவழப்பு அந்தக் கண்ணாடி தந்தது. ஆத்தா வெள்ளிக்கிழமை தோறும் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைக்கும் தரையில் காலுறையோடு வில் நிலை போட முயன்று, பின்கால் ஒரு முழம் வழுக்கிப்போன நாளுக்குப் பிறகு வெறுங்காலோடுதான் நிற்கிறேன்.

குங்ஃபூ வில் நிலையில் பின்கால் விறைப்பாக நீளும். தாய்ச்சியில் அதே கால் முழங்காலில் சற்றே தளர்ந்திருக்கும். வித்தியாசம் இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆனால் விறைத்த காலோடு பத்து முறை முன்னும் பின்னும் போய்வந்து, உடனே தளர்ந்த காலோடு அதையே செய்து பார்த்தால், முதலாவதில் தரையை உதைத்துத் தள்ளும் விசை நேராக இடுப்புக்கு ஏறுவதும், இரண்டாவதில் அதே விசை அரைக்கணம் தங்கி, இடுப்பைத் திருப்பிக்கொண்டு மேலேறுவதும் தெளிவாகத் தெரிகின்றன.

குதிரை நிலையாகிய 'மா பூ'வைப் பற்றி எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு. கல்லூரி நாள்களில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே, தொடை தரைக்கு இணையாக வரும்வரை தாழ்ந்து நிற்கச் சொன்னார்கள். முழங்கால்கள் உள்நோக்கிச் சரிவதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் வாரம் வலது முட்டி வீங்கியதோடு நான் விலகிக்கொண்டேன். தவறு தாழ்ந்ததில் இல்லை. முட்டி பாதவிரல்களின் திசையிலிருந்து விலகியதே தவறு. இப்போது அண்ணன் என்னைப் பாதி உயரத்திலேயே நிறுத்தி, இரண்டாம் விரலுக்கு நேராக முட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்.

அந்த முட்டிதான் தாய்ச்சியின் நடையையும் எனக்குக் கற்றுத் தந்தது. வில் நிலையிலிருந்து அடுத்த அடிக்குப் போக முன்பாதத்தை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். பாரம் முழுவதும் அந்தக் காலில் இருக்கும்போதே திருப்பினால், கதவுக் கீல் போல ஒரு திசையில் மடங்க வேண்டிய முட்டி, தாங்கும் சுமையோடு முறுக்கப்படுகிறது. ஆகவே முதலில் பின்காலுக்கு உட்கார்ந்து, முன்காலை வெறுமையாக்கி, பாதத்தைத் திருப்பி, அதன் பின்னரே பாரத்தை மீண்டும் முன்னே கொண்டுவர வேண்டும். அடுத்த கால் குதிகாலால் தொட்டு, பாதம் முழுவதும் படிந்து, அதற்குப் பிறகே சுமையை வாங்கும். எந்தக் கால் நிறைந்திருக்கிறது, எந்தக் கால் வெறுமையாக இருக்கிறது என்று பிரித்தறிவதைத் தாய்ச்சி ஆசான் யாங் செங்ஃபூ தம் பத்துக் கோட்பாடுகளில் ஒன்றாக வைத்திருக்கிறார். நானோ ஐந்து மாதமாகக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் பழகுவது 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை யாங் மரபிலிருந்து சுருக்கித் தொகுத்த 24 நிலைகள் கொண்ட வரிசை. முழுவதும் செய்ய ஐந்து நிமிடம் போதும். யாங் மரபின் முதல்வர் யாங் லூச்சான் 19ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாநிலத்தின் சென் குடும்பத்தாரிடம் கற்றவர். அவருடைய பேரனே மேற்சொன்ன யாங் செங்ஃபூ. ஷாவோலின் மடமும் அதே ஹெனானில்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் காரைக்குடியில் எந்தத் தேநீர்க் கடையிலும், அங்கே குங்ஃபூவைக் கற்றுத் தந்தவர் காஞ்சியிலிருந்து போன பல்லவ இளவரசர் போதிதர்மரே என்ற பேச்சு வந்துவிடும். அவர் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று உண்டு; அதில் காஞ்சியும் இல்லை, பல்லவரும் இல்லை. அவரை உடற்பயிற்சியோடு இணைப்பது 17ஆம் நூற்றாண்டு நூலொன்றில் தொடங்கும் கதை. எனக்கு அந்தக் கதைமேல் பகையில்லை. ஆனால் உரிமை கொண்டாடுவதற்குக் கையருகே நம்முடைய குத்துவரிசையும் சிலம்பமும் இருக்கின்றன. சிலம்பத்திலும் கம்பைத் தொடுமுன் காலடியைத்தான் பழக்குகிறார்கள்.

24 நிலைகளில் கை முஷ்டியாக மடங்குவது இரண்டே இடங்களில்தான்: இரு முஷ்டிகளாலும் எதிராளியின் காதுப்புறம் தாக்கும் 14ஆம் நிலையிலும், திரும்பித் தடுத்துக் குத்தும் 21ஆம் நிலையிலும். உதையும் இரண்டே. அதனால் குத்தை அண்ணன் குங்ஃபூவிலிருந்தே சொல்லித் தந்தார். கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் குறுக்கே அழுத்தியிருக்க வேண்டும். மணிக்கட்டு மேலும் கீழும் மடங்காமல் முன்கையோடு ஒரே நேராக வர வேண்டும். உள்ளங்கை மேல்நோக்கி இடுப்பில் இருக்கும் கை போகும் வழியில் புரண்டு கீழ்நோக்கி முடியும். அதே கணத்தில் மற்றக் கை இடுப்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பும் கையைத்தான் எல்லாரும் மறக்கிறோம். அது இடுப்பைப் பின்னிழுக்கவில்லையென்றால் குத்து தோளோடு நின்றுபோகிறது. தாய்ச்சியில் முஷ்டி நிமிர்ந்தபடி, கட்டைவிரல் மேற்பக்கமாக, வேகமின்றிப் போகும். தோள் தூக்கியிருந்தால் அந்த மெதுவில் உடனே தெரிந்துவிடும். ஆனால் தொடை வலுவில்லாதவன் உயரமாக நின்றுகொண்டே அழகாக ஏமாற்றவும் அந்த மெதுவே இடம் தருகிறது. தாய்ச்சி, குங்ஃபூ இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதற்கு அண்ணன் சொன்ன காரணம் இதுதான்.

பத்தாம் நிலையாகிய மேகக் கைகளில் நான் திணறிக்கொண்டிருந்தபோது, பூஜை அறைக்குப் போய்க்கொண்டிருந்த ஆத்தா நின்று பார்த்துவிட்டு, "மாவாட்டுறப்பக் கையவா ஆட்டுவாக? இடுப்பயில்ல ஆட்டணும்" என்றார். அண்ணன் மகிழ்ந்து தலையாட்டினாலும், ஆத்தா சொல்வது பாதிதான் பொருந்தும் என்று பிறகு என்னிடம் விளக்கினார். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்தவருடைய அடிப்பகுதி நகர்வதில்லை. மேகக் கைகளில் இடுப்பு திரும்பும்போதே பாரம் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே போகிறது. கை முகத்துக்கு முன் தானாக வந்து போக வேண்டும். எனக்கு இன்னும் கைதான் முந்துகிறது. இடுப்பு நின்ற பிறகும் அது தனியே ஒரு சாண் போகிறது.

16ஆம் நிலையில், பாம்பு போலத் தாழ்ந்து ஊர்ந்து ஒற்றைக்காலில் எழ வேண்டும். பழைய முட்டிக்காக அதை அரையளவு தாழ்விலேயே செய்கிறேன். அடுத்த இரண்டு வாரங்கள் வகுப்பு இல்லை. அண்ணனின் மகள் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். அதற்குள் பாதி உயர மா பூவில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்கும்படி சொல்லியிருக்கிறார். நேற்று ஒரு நிமிடம் ஐம்பது வினாடி நின்றேன்.