மெல்போர்னில் ரான் பராஸியைத் தேடி

மெல்போர்னுக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் எம்.சி.ஜி. மைதானத்துக்கு வெளியே பிராட்மன் சிலையோடும் ஷேன் வார்ன் சிலையோடும் படம் எடுத்துக்கொள்வார்கள். அதே சிலை வரிசையில் ரான் பராஸியும் நிற்கிறார். அவருக்காகவே நான் போனேன். ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில், அதாவது அந்த ஊர்க்காரர்களின் 'ஃபுட்டி'யில், எனக்குப் பிடித்த மனிதர் அவர்.

ஆனால் பயணத்தைச் சிலையில் தொடங்கவில்லை. சதர்ன் கிராஸ் நிலையத்தில் பெண்டிகோ ரயிலேறி காசில்மெயினில் இறங்கினேன். 1936 பிப்ரவரி 27 அன்று பராஸி பிறந்த ஊர் அது. அங்கிருந்து காரில் சற்று தூரம் தெற்கே போனால் கில்ஃபோர்டு. தங்க வேட்டைக் காலத்தில் சுவிஸ்-இத்தாலியக் குடும்பங்கள் வந்து தங்கிய சிற்றூர், பராஸி குடும்பமும் அந்த வழியில் வந்ததுதான். ஊர் நடுவே பிரம்மாண்டமான யூகலிப்டஸ் மரம் ஒன்று இருக்கிறது. அதன் கீழே நின்றபோது, தகப்பனை இழந்து இங்கே வளர்ந்த ஒரு சிறுவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பெயரும் ரான் பராஸிதான். மெல்போர்ன் அணிக்காக 31ஆம் எண் சட்டையில் ஆடியவர், 1940இல் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். மறு வருடம், இரண்டாம் உலகப் போரில், லிபியாவின் டோப்ருக் போர்முனையில் இறந்துபோனார். மகனுக்கு அப்போது ஐந்து வயது.

நகரத்துக்குத் திரும்பியதும் 19ஆம் எண் டிராமில் ஏறினேன். பராஸியின் வாழ்க்கையில் இரண்டு முக்கியமான இடங்களை இந்த ஒரே டிராம் தொட்டுக்கொண்டு போகிறது. கடைசியில் வரும் கோபர்க்கில்தான் நார்ம் ஸ்மித் வீடு இருந்தது. அப்பாவோடு ஆடிய நண்பர், பின்னாளில் மெல்போர்ன் அணியின் கோச். பராஸியின் அம்மா மறுமணம் செய்துகொண்டு டாஸ்மேனியா போனபோது, பையன் ஸ்மித் வீட்டில் தங்கினான். மற்ற கிளப்புகள் அவனைக் கொத்திக்கொண்டு போகாமலிருக்க, அப்பா ஆடிய கிளப்பிலேயே மகனும் சேரலாம் என்ற விதிக்காக மெல்போர்ன் போராடியது. 1953இல் அதே 31ஆம் எண் சட்டையில் இறங்கினான்.

நடுவர் மேலே போடும் பந்துக்குத் தாவுகிற 'ரக்' ஆட்டக்காரருக்கு வேண்டிய உயரம் பராஸிக்கு இல்லை, ஆனால் உடலில் அவ்வளவு வேகமும் முரட்டுத்தனமும். அவருக்கென்றே, ரக் ஆட்டக்காரரோடு சேர்ந்து ஓடிப் பந்தைப் பிடிக்கும் 'ரக் ரோவர்' என்ற இடத்தை ஸ்மித் வடிவமைத்தார். 1955இலிருந்து 1964க்குள் ஆறு கோப்பைகள்.

அப்புறம்தான் அந்த அதிர்ச்சி. 1964 கோப்பையைத் தலைவராக வென்ற கையோடு, கார்ல்டன் அணிக்குத் தலைவராகவும் கோச்சாகவும் போய்விட்டார். தன்னை வளர்த்த வீட்டை எதிர்த்து ஆடப் போனதாகவே பல மெல்போர்ன் ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. ஸ்மித் இருக்கும்வரை அவர் ஸ்மித்தின் பையன்தானே. மெல்போர்னுக்கு அடுத்த கோப்பை கிடைக்க 2021 வரை ஆனது.

திரும்பும் டிராமில் ராயல் பரேடில் இறங்கினால் கார்ல்டனின் பிரின்சஸ் பார்க். 21 வருடமாகக் கோப்பை இல்லாத கிளப்புக்கு 1968இல் வாங்கிக் கொடுத்தார். ஆனால் பேசவேண்டியது 1970 இறுதியாட்டத்தைப் பற்றித்தான். எம்.சி.ஜி.யில் அன்று 1,21,696 பேர். இந்த ஆட்டத்தில் நடுக் கம்பங்களுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. பாதி ஆட்டத்தில் காலிங்வுட் 44 புள்ளி முன்னிலை. இடைவேளையில் பராஸி சொன்னது ஹேண்ட்பால், மறுபடியும் ஹேண்ட்பால். பந்தை எறியக் கூடாது, ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தித் தள்ள வேண்டும். பெரும்பாலும் வேறு வழியில்லாதபோது செய்கிற காரியம் அது. அதையே தாக்குதலாக மாற்றச் சொன்னார். பெஞ்சில் இருந்த டெட் ஹாப்கின்ஸையும் இறக்கினார். அவர் நான்கு கோல் அடித்தார், கார்ல்டன் 10 புள்ளியில் வென்றது. ஆட்டக்காரர்களைக் கடுமையாகத் திட்டுகிற கோச் என்று அவருக்குப் பெயர். ஆனால் அன்று ஜெயித்தது திட்டினால் இல்லை, தோற்கிற நேரத்திலும் புதிதாக ஆடிப்பார்க்கும் தைரியத்தால்.

ஆர்டன் ஸ்ட்ரீட் மைதானத்தையும் எட்டிப் பார்த்தேன். 1925இல் லீகில் சேர்ந்த நார்த் மெல்போர்னுக்கு 1975இல் முதல் கோப்பை வாங்கித் தந்தவர் பராஸி. 1977இலும் வென்றார்கள். முதலில் காலிங்வுட்டோடு சமன், மறு வாரம் திரும்ப ஆடி வெற்றி.

கடைசியாகத்தான் எம்.சி.ஜி. சிலை. 1981இல் மெல்போர்னுக்கே கோச்சாகத் திரும்பியவர் ஐந்து வருடம் இருந்தும் இறுதிச் சுற்றை எட்டவில்லை. அதைத் தோல்வி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அயர்லாந்தின் கேலிக் கால்பந்துப் பையன்களை அழைத்து வந்து இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. அப்படி டப்ளினிலிருந்து வந்தவர் ஜிம் ஸ்டைன்ஸ். 1991இல் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார், 244 ஆட்டங்களைத் தொடர்ந்து ஆடினார், பின்னாளில் அதே கிளப்பின் தலைவராகவும் ஆனார். கோபர்க்கில் ஸ்மித் பராஸிக்குச் செய்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

1993இல் சிட்னி ஸ்வான்ஸ் 26 ஆட்டங்கள் வரிசையாகத் தோற்ற சமயத்தில், போய்த் தூக்கி நிறுத்தியவரும் இவரே. 2023 செப்டம்பரில் 87 வயதில் மறைந்தார். போகிறவர்கள் ஏப்ரலிலிருந்து ஆகஸ்டுக்குள் போங்கள், ஆட்டம் நடக்கும் காலம் அது. மெல்போர்ன் அணி ஆடும் நாளாகப் பார்த்து, கொஞ்சம் முன்னதாகவே போய்விட்டால் சிலைகளை நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம்.