நீல பெட்ரோலும் ஒரு ஸ்பார்க் பிளக்கும்

பொங்கலுக்குக் காட்பாடி வந்திருந்த அக்கா மகன், பையிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கை எடுத்து என்னிடம் நீட்டினான். வெளி மாநிலத்தில் பைலட் பயிற்சியில் இருக்கிறான். அவன் ஓட்டும் செஸ்னா என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் கழற்றிப் போட்ட பழைய பிளக். சித்தூர் ரோட்டில் அப்பா காலத்திலிருந்து டூ வீலர் ஒர்க் ஷாப் நடத்துகிற எனக்கு பிளக்கைப் பார்த்தாலே இன்ஜின் கதை தெரிந்துவிடும், கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். இதில் அப்படியில்லை. உள்ளே கடுகு சைஸில் சாம்பல் நிற மணிகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்னடா இது?"

"ஈயம் மாமா. எங்க பெட்ரோல்ல இன்னும் ஈயம் இருக்கு."

தூக்கிவாரிப் போட்டது. 2000 பிப்ரவரியோடு இந்தியா முழுக்க ஈய பெட்ரோல் நின்றுவிட்டது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021-ல் வண்டிகளுக்கு அதை விற்பதை நிறுத்தியது. ஆனால் சின்ன பிஸ்டன் விமானங்களுக்கான ஏவ்காஸ் 100 எல்எல்-இல் மட்டும் அது இருக்கிறது. எல்எல் என்றால் 'குறைந்த ஈயம்'. லிட்டருக்கு 0.56 கிராம் வரை இருக்கலாம். 1994-க்கு முன்னால் நம் ஊர் பங்க்கில் போட்ட பெட்ரோலுக்கும் இதே 0.56 கிராம்தான் வரம்பு! இதற்கு முந்தைய ஏவ்காஸில் இதைப்போல் இரண்டு மடங்கு இருந்ததால் இதற்குக் 'குறைந்த' என்று பெயர் வந்துவிட்டது. அடையாளத்துக்கு நீலச் சாயம் கலக்கிறார்கள்.

ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்றால், நாக்கிங். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் தானாக வெடித்து இடிப்பது. பைக் இன்ஜின் நாக் அடித்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடலாம், மூவாயிரம் அடி உயரத்தில் எங்கே ஓரங்கட்டுவது? காற்றில் குளிர்கிற பெரிய சிலிண்டர்கள், அதிக கம்ப்ரஷன் உள்ள இன்ஜின்கள், இவற்றுக்கு ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் சக்தி, பெட்ரோலில் கூடுதலாக வேண்டும். அதற்குச் சேர்ப்பதுதான் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயக் கலவை, அது நாக்கிங்கைத் தடுக்கும் என்று 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி குழு கண்டுபிடித்தது. எரிந்த ஈயம் இன்ஜினுக்குள் படியாமலிருக்க புரோமின் கலந்த ஒரு ரசாயனமும் சேர்ப்பார்கள். அது ஈயத்தைப் புகையோடு வெளியே தள்ளிவிடும். தரையில் ஐடிலிங்கில் நிற்கும்போது சூடு பத்தாமல் தள்ள முடியாததுதான் அந்தக் கடுகு மணிகள். மீதியெல்லாம் காற்றில் போகிறது. குழந்தைகளின் மூளைக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது.

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. டேங்க்கில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சித்தான் பெட்ரோல் எடுப்பார், அப்புறம் அதே பெட்ரோலில் கையைக் கழுவிவிட்டு டீ குடிப்பார். டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

பெட்ரோலை எப்படிக் கையாளுகிறாய் என்று அக்கா மகனிடம் கேட்டேன். தினமும் பறப்பதற்கு முன் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ரெக்கையின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைச் சின்னக் குழாயில் பிடித்துப் பார்ப்பார்களாம், பார்த்துவிட்டுத் தரையிலேயே வீசிவிடுவார்களாம். கையில் பட்டால் பேன்ட்டில் துடைத்துக்கொள்வானாம். அந்த பேன்ட்டோடுதான் வீட்டுக்கு வந்து அக்காவின் பேத்தியை மடியில் வைத்திருந்தான். சத்தம் போட்டேன். பெட்ரோலை கேனில் ஊற்று, கையை சோப்பு போட்டுக் கழுவு, அந்தத் துணியைத் தனியாகத் துவை.

மாற்று இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஈயமில்லாத 100 ஆக்டேன் பெட்ரோல் ஒன்றுக்கு 2022-லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஜெட் விமான மண்ணெண்ணெயிலேயே ஓடுகிற டீசல் இன்ஜின் பயிற்சி விமானங்களும் இருக்கின்றன. நாமும் 2022-ல்தான் இந்தியன் ஆயில் மூலம் வதோதராவில் சொந்தமாக ஏவ்காஸ் தயாரிக்க ஆரம்பித்தோம். தயாரிக்கத் தெரிந்தவர்களுக்கு ஈயமில்லாததும் முடியும் என்று நம்புகிறேன்.

நம் வேலூர் அப்துல்லாபுரம் ஓடுதளத்துக்கு, சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் வரப்போகும் டர்போபிராப் (ஜெட் வகை இன்ஜினால் புரொப்பெல்லர் சுழலும்) விமானங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை, அவற்றில் ஈயம் கிடையாது. ஆனால் நாளைக்கு அங்கே பயிற்சிப் பள்ளி வந்தால், என்ன பெட்ரோல் போடுவீர்கள் என்று முதல் நாளே கேட்க வேண்டும். ராணிப்பேட்டை குரோமியக் கழிவையும் பாலாற்றில் கலந்த தோல் பதனிடும் ஷெட் தண்ணீரையும் பார்த்த பகுதி இது, நாம் கேட்காமல் யார் கேட்பார்கள்?

பிளக்கை பிளாஸ்டிக் கவரில் போட்டு, குழந்தைகள் கை எட்டாத மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிற பாலிடெக்னிக் பையன்களுக்கு கவரோடு காட்டுகிறேன்.