ஸ்பெயின் வீட்டை விடுமுறை வாடகைக்கு விட்டோம்: அனுமதியிலிருந்து வரி வரை

"அக்கா, ஸ்பெயின்ல ஒரு பிளாட் வாங்கிப் போட்டு, நாம போகாத மாசங்கள்ல வாடகைக்கு விட்டா செலவுக்காவது தேறுமா?" லண்டனில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் என் கணவரும் 2025இல் இந்த வேலையை முழுக்கச் செய்து முடித்ததால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். எங்கள் வீடு அந்தலூசியாவில், மலாகாவுக்குக் கிழக்கே ஒரு கடலோர ஊரில் இருக்கிறது. பிரெக்ஸிட்டுக்கு முன்பே வாங்கியது. ஸ்பெயினில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சுற்றுலாச் சட்டம் வேறு. அதனால் அனுமதி பற்றி நான் சொல்வது அந்தலூசியாவுக்கு. வரி பற்றிச் சொல்வது பிரிட்டனில் குடியிருந்துகொண்டு ஸ்பெயினில் எங்கே வீடு வைத்திருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

எல்லோரும் முதலில் வரியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "உங்க அபார்ட்மெண்ட் சங்கம் சம்மதிக்குமா?" என்றுதான். 2025 ஏப்ரல் 3 முதல், அடுக்குமாடியில் ஒரு வீட்டைப் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட வேண்டுமானால் உரிமையாளர்கள் சங்கத்தின் முன் அனுமதி கட்டாயம். மொத்த உரிமையாளர்களில் 5இல் 3 பங்கினர் 'சரி' சொல்ல வேண்டும். அவர்களுடைய பங்கு விகிதமும் கட்டடத்தில் 5இல் 3 பங்குக்குக் குறையக்கூடாது. அதற்கு முன்பே சட்டப்படி தொடங்கியவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. நாங்கள் அதற்குப் பிறகு தொடங்கியவர்கள்.

கூட்டத்துக்கு முன்பே கட்டடத்தின் துணைவிதிகளை வாங்கிப் படித்துவிட்டோம். அதில் 'வணிக நடவடிக்கை கூடாது' என்று ஒரு வரி இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அப்படிப்பட்ட வாசகம் சுற்றுலா வாடகைக்கும் பொருந்தும் என்று ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. எங்கள் துணைவிதியில் அது இல்லை. ஊரில் இல்லாத உரிமையாளர்கள் கையெழுத்திட்ட கடிதம் மூலம் வேறொருவருக்குத் தங்கள் வாக்கைக் கொடுக்கலாம் என்பதால், ஜெர்மனியிலும் மத்ரித்திலும் இருப்பவர்களுக்கெல்லாம் சங்க நிர்வாகி வழியாக முன்கூட்டியே எழுதினோம். பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்குரிமை கிடையாது. அந்தப் பட்டியலையும் நிர்வாகி கூட்டத்துக்கு முன்பே ஒட்டியிருந்தார்.

கூட்டம் கீழ்த்தள நடைகூடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மடக்கு மேசை, அதன் மேல் தடித்த அட்டை போட்ட தீர்மானப் புத்தகம். எங்கள் முறை வந்ததும் மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் எழுந்து, வருடம் முழுக்க அந்தக் கட்டடத்திலேயே வாழ்பவர் என்ற உரிமையோடு பேசினார். "மகளே, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி ஒரு மணிக்குப் பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறவன் எந்த மாடி என்று தெரியாமல் என் மணியை அடிப்பான். என் பேரனுக்கு இந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. இரண்டையும் யோசித்துக்கொள்." அவர் சொன்னது நியாயம். 2024 ஜூனில் மலாகா நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கியது இதற்காகத்தான். 2025 தொடக்கத்தில் அந்த நகரம் 43 பகுதிகளில் புதுப் பதிவையே நிறுத்தியது. எங்கள் கட்டடத்தில் இறுதியில் அனுமதி கிடைத்தது, நிபந்தனைகளோடு: இரவு 10 மணிக்கு மேல் வருபவர்களை யாராவது நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும், பொதுச் செலவில் கூடுதல் பங்கு கட்ட வேண்டும். இந்தக் கூடுதலைச் சட்டம் 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. இரண்டுக்கும் மனதார ஒப்புக்கொண்டோம். சாவியை எடுத்துக்கொடுக்க உள்ளூர்ப் பெண்மணி ஒருவரை மாதச் சம்பளத்துக்கு வைத்தோம். சாவிப் பெட்டியைக் கதவில் மாட்டிவிட்டு லண்டனில் உட்கார்ந்திருப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தீர்மானத்தின் நகல் கையில் வந்த பிறகு மாநிலப் பதிவு எளிதாகவே போனது. அந்தலூசியாவில் இது உரிமம் கேட்கும் மனு அல்ல. 'எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றியிருக்கிறேன்' என்று நாம் பொறுப்பேற்றுக் கொடுக்கும் உறுதிமொழி. அதைக் கொடுத்தவுடன் மாநிலச் சுற்றுலாப் பதிவேட்டில் சேர்க்கிறார்கள். பின்னால் எப்போது வேண்டுமானாலும் ஆய்வுக்கு வரலாம். 2024இல் திருத்தப்பட்ட ஆணைப்படி ஒரு விருந்தினருக்கு 14 சதுர மீட்டர் இருக்க வேண்டும். எங்கள் வீடு 58 சதுர மீட்டர் என்பதால் 4 பேர்தான். வரவேற்பறை சோபாவை விரித்து 6 பேர் என்று போட வழியில்லை. கோடைக்கு ஏசி, குளிருக்கு ஹீட்டர், முதலுதவிப் பெட்டி, மாநில அரசின் புகார்ப் படிவம், எந்நேரமும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். நகர மன்றம் தனியாக வரம்பு வைத்திருக்கலாம் என்பதால் அங்கும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவைத்தோம்.

இந்த வேலைகள் அத்தனையும் இணையத்தில்தான். அதற்கு வெளிநாட்டவர் அடையாள எண்ணும் டிஜிட்டல் சான்றிதழும் வேண்டும். அடையாள எண் வீடு வாங்கியபோதே எடுத்தது. சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, லண்டனிலுள்ள ஸ்பெயின் துணைத் தூதரகத்தில் நேரில் போய் முகம் காட்டினால் போதும். கணவனும் மனைவியும் உரிமையாளர் என்றால் இருவரும் தனித்தனியாக எடுத்துவிடுங்கள்.

அடுத்தது 2025 ஜூலை 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயமான பதிவு எண். இந்த எண் இல்லாமல் ஏர்பிஎன்பி, புக்கிங் போன்ற தளங்களில் விளம்பரம் நிற்காது. இதைத் தருவது சுற்றுலாத் துறை அல்ல, சொத்துப் பதிவாளர் அலுவலகம். விண்ணப்பித்ததும் தற்காலிக எண் வந்துவிடும்; பதிவாளர் பிறகுதான் ஆவணங்களைப் பார்ப்பார். குறை இருந்தால் 7 வேலை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் எண் முடங்கும். எங்களுக்குக் குறைக் கடிதம் வந்தது. பத்திரம் எழுதிய காலத்துக்குப் பிறகு தெருவில் கதவு எண்கள் மாறியிருந்தன. பதிவேட்டில் பழைய எண், சுற்றுலாப் பதிவில் புது எண். ஒரே வீடுதான் என்று நிரூபிக்க நிலவரித் துறையின் சொத்துக் குறியீட்டு எண்தான் கைகொடுத்தது. 20 எழுத்தும் எண்ணும் கொண்ட அந்தக் குறியீடு எல்லா ஆவணங்களிலும் ஒன்றாகவே இருந்தது. அந்தச் சான்றை இணைத்து அனுப்பினோம், எண் உறுதியானது. நீங்கள் தொடங்குமுன் பதிவேட்டுச் சுருக்க நகல், சொத்துவரி ரசீது, சுற்றுலாப் பதிவு மூன்றையும் அருகருகே வைத்து முகவரி, கதவு எண், அந்தக் குறியீடு மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இந்த எண்ணுக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில், முந்தைய ஆண்டில் எத்தனை பேர் எந்தத் தேதியிலிருந்து எதுவரை எந்த நோக்கத்துக்காகத் தங்கினார்கள் என்று பெயர் இல்லாத பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும்.

விருந்தினர் வந்ததும் தொடங்குவது உள்துறை அமைச்சகத்தின் பதிவு. 2024 டிசம்பர் 2 முதல் கண்டிப்பாக அமலில் இருக்கிறது. வந்த 24 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரின் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பணம் கட்டிய விதம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும். குழந்தைகள் வந்தால் கூட வந்த பெரியவர் அவர்களுக்கு என்ன உறவு என்றும் கேட்கிறது. 14 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் கையெழுத்திட வேண்டும். விவரங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடுமையான மீறலுக்கு அபராதம் 30,000 யூரோ வரை போகும் என்பதால் இதைச் சாவி கொடுக்கும் பெண்மணியின் நினைவுக்கு விடாமல், முன்பதிவு உறுதியான அன்றே விருந்தினருக்குப் படிவம் அனுப்பிவிடுகிறேன். பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு முகமை 2025இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கேட்காதீர்கள், அவர்கள் தயங்குவது சரிதான்.

இனி வரி. இங்கேதான் பெரும்பாலோர் போடும் கணக்கு தவறிப்போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருப்பவர் ஸ்பெயினில் வீட்டை வாடகைக்கு விட்டால் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு 19 சதவீதம் கட்டுகிறார். பிரிட்டனில் குடியிருக்கும் நாம் 2021 முதல் 24 சதவீதம் கட்டுகிறோம், அதுவும் செலவைக் கழிக்காத மொத்த வாடகைக்கு. விருந்தினர் கொடுத்த முழுத் தொகைக்கும் வரி. தளம் எடுத்துக்கொண்ட கமிஷன்கூட நம் வருமானம்தான். எளிதாகப் பார்க்க ஒரு கணக்கு: ஆண்டு வாடகை 8,000 யூரோ, கமிஷன், துப்புரவு, பராமரிப்பு, சொத்துவரி, மின்சாரம் என்று கழிக்கத்தக்க செலவு 3,400 என்று வையுங்கள். பாரிஸில் இருப்பவருக்கு வரி 874 யூரோ. லண்டனில் இருப்பவருக்கு 1,920. கையில் நிற்பது 2,680.

கட்டும் முறை முன்பைவிட இலகு. 2024 வாடகையிலிருந்து காலாண்டுக்குப் பதிலாக ஆண்டு முழுவதையும் சேர்த்து, அடுத்த ஜனவரி 1 முதல் 20க்குள் 210ஆம் எண் படிவத்தில் கட்டலாம். வங்கியிலிருந்து நேரடியாகப் பிடிக்கச் சொன்னால் 15ஆம் தேதியோடு முடியும். வீடு இருவர் பெயரில் என்றால் இரண்டு படிவம். அதோடு, வாடகைக்குப் போகாத நாள்களுக்கும் வரி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீடு பூட்டிக் கிடந்தாலும் சரி, நாமே போய்த் தங்கினாலும் சரி, நிலவரித் துறை மதிப்பில் 1.1 சதவீதம், மதிப்பு நெடுங்காலம் திருத்தப்படாத ஊரில் 2 சதவீதம், நமக்கு வருமானமாகக் கருதப்படுகிறது. மதிப்பு 60,000 யூரோ, பாதி ஆண்டு வாடகை இல்லை என்றால் 330 யூரோ 'வருமானம்', அதற்கு 24 சதவீதமாக 79 யூரோ 20 செண்ட். தொகை சிறியதுதான். ஆனால் இதற்கும் தனிப் படிவம், அடுத்த ஆண்டு டிசம்பர் 31 கெடு. ஆக எங்கள் வீட்டுக்கு ஆண்டுக்கு நான்கு படிவம். காலை உணவோ தங்கியிருக்கும்போது அன்றாடத் துப்புரவோ கொடுக்காத வரை மதிப்புக் கூட்டு வரி இல்லை. கொடுத்தால் அது ஹோட்டல் சேவையாகி 10 சதவீதம் வரும். அதனால் வந்த அன்றும் போன பிறகும் மட்டுமே வீட்டைத் துடைக்கிறோம்.

பிரிட்டனிலும் இதே வருமானத்தைக் காட்ட வேண்டும். தளங்கள் இரு பக்க வரித் துறைக்கும் விவரம் கொடுக்கின்றன என்பதற்காக மட்டும் அல்ல, இங்கே குடியிருப்பவரின் உலக வருமானத்துக்கும் இங்கே வரி என்பதே சட்டம். சுயமதிப்பீட்டுப் படிவத்தின் வெளிநாட்டு வருமானப் பக்கங்களில் போட்டு, ஸ்பெயினில் கட்டிய வரிக்கு ஈடு கேட்கலாம். இங்கே செலவைக் கழிக்க விடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் லாபம் 4,600. 20 சதவீதக்காரருக்கு பிரிட்டன் வரி 920, 40 சதவீதக்காரருக்கு 1,840. இரண்டுமே ஸ்பெயினில் கட்டிய 1,920ஐவிடக் குறைவு, அதனால் இங்கே கட்ட ஒன்றுமில்லை. ஆனால் ஈடு என்பது பிரிட்டன் வரி அளவோடு நிற்கும். மிச்சத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். வீட்டுக் கடன் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: விடுமுறை வீடுகளுக்கு இருந்த தனிச் சலுகை 2025 ஏப்ரல் 6 முதல் போய்விட்டது. இப்போது வட்டிக்கு 20 சதவீத அளவில்தான் நிவாரணம்.

ஆண்டுக் கணக்கு ஒத்துப்போகாதது இன்னொரு சிக்கல். ஸ்பெயினுக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, பிரிட்டனுக்கு ஏப்ரல் 6இல். 2026இன் முதல் மூன்று மாத வாடகை பிரிட்டனின் 2025-26 கணக்கில் விழும். அதற்கான ஸ்பெயின் வரியை நான் கட்டப்போவதோ 2027 ஜனவரியில், பிரிட்டன் படிவத்தின் கெடுவும் அதே ஜனவரி 31. இடையில் பதினொரு நாள். அதனால் வாடகையை மாதவாரியாக, யூரோவிலும் பவுண்டிலும், ஒரே தாளில் எழுதி வருகிறேன்.

மொத்த வாடகைக்கு வரி போடுவது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சும்மா நம்பவில்லை: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவருக்குச் செலவுக் கழிவை மறுப்பது மூலதனம் தடையின்றிப் போகும் உரிமைக்கு எதிரானது என்று ஸ்பெயினின் ஆடியென்சியா நசியோனல் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஓர் அமெரிக்கக் குடியிருப்பாளர் வழக்கில் சொல்லியிருக்கிறது. நாங்கள் ஜனவரியில் படிவம் கேட்டபடியே முழுத் தொகைக்கும் கட்டினோம். கட்டிய வரியைத் திருத்தித் திரும்பக் கேட்க 4 ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் கமிஷன் ரசீது, துப்புரவு பில், சங்கக் கட்டணம், காப்பீடு, மின்சாரம் எல்லாவற்றையும் எங்கள் பெயரும் அடையாள எண்ணும் அச்சிட்ட முறையான பில்லாகவே வாங்குகிறோம். வெறும் கடைச் சீட்டு எடுபடாது. 2025ஆம் ஆண்டுக் கோரிக்கையை எங்கள் ஸ்பெயின் கணக்காளர் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார்.