வெளுத்த பம்பர் மறுபடி கறுத்த கதை

அப்பா 1989-ல் வாங்கிய வெள்ளை மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஷெட் கிடையாது, இத்தனை வருடமும் சென்னை வெயில்தான். எஞ்சின் நன்றாக ஓடுகிறது, பாடியிலும் துரு அதிகமில்லை. ஆனால் கறுப்பாக இருந்த இரண்டு பம்பர்களும் சாம்பல் பூத்து, விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிற நிலைக்கு வந்துவிட்டன. உள்ளே கூரை விளக்கின் வெள்ளைச் சட்டம் மஞ்சளேறிக் கிடந்தது.

புதுப்பேட்டையில் விசாரித்தேன். "இதோட ஏன் சார் மல்லுக்கட்டுறீங்க, புதுசு மாட்டிடுங்க" என்று கடைக்காரர் ஒரு பம்பரை எடுத்து வைத்தார். தடவிப் பார்த்தேன். பழையதில் இருக்கும் சன்னமான சொரசொரப்பு இதில் இல்லை. ஓரத்தை அமுக்கினால் மடங்கியது. இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. வண்டியோடு வந்த பம்பர் கையில் இருக்கும்போது அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை.

ஏற்கெனவே ஒரு முறை சூடு பட்டிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு பட்டறையில் பம்பருக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த மழைக்காலத்திலேயே வெங்காயத் தோல் மாதிரி உரிய ஆரம்பித்தது. காரணம் இப்போதுதான் புரிந்தது. பம்பர் பாலிபுரோப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். அதற்கென்று உள்ள பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்காமல் சாதாரண பெயிண்ட் அதில் சரியாகப் பிடிக்காது.

அதனால் இந்த முறை எது என்ன பிளாஸ்டிக் என்று முதலில் பார்த்தேன். சில பாகங்களின் பின்பக்கம் பிபி (பாலிபுரோப்பிலீன்), ஏபிஎஸ் (இன்னொரு வகை பிளாஸ்டிக்) என்று அச்சிட்டிருக்கும். இதில் எதுவும் இல்லை. வெளியே தெரியாத ஓரத்திலிருந்து நகத் துண்டு அளவுக்குச் சீவி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். பம்பர் துண்டு மிதந்தது, விளக்குச் சட்டத்தின் துண்டு மூழ்கியது. பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட லேசு, ஏபிஎஸ் கொஞ்சம் கனம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பம்பர் வெளுப்பதற்குக் காரணம் அழுக்கு இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்தோலை நொறுக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் பொடியும் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. அடியில் கறுப்பு அப்படியேதான் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் அந்த வெடிப்புகள் நிரம்பி ஒரு வாரம் பளபளக்கும். அப்புறம் தூசி அப்பிக்கொள்ளும். நானும் வருடக்கணக்கில் அதைத்தான் செய்துவந்தேன்.

பம்பரைக் கழற்ற, போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தேன். அப்படியும் ஒன்று உடைந்தது. மிச்சமிருந்த பழைய பெயிண்டை நகத்தாலும், தின்னர் நனைத்த துணியாலும், பழைய டூத் பிரஷ்ஷாலும் எடுக்க இரண்டு நாள் ஆனது. உப்புத்தாள் போடவே கூடாது. சொரசொரப்பு ஒரு முறை தேய்ந்து போனால் திரும்ப வராது. சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிட்டேன்.

அப்புறம் ஹீட் கன், சூடான காற்றை ஊதும் கருவி. முதலில் பம்பரின் உட்பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, நிறுத்தாமல் இப்படியும் அப்படியும் ஆட்டியபடி மெதுவாக நெருங்கினேன். சில நொடிகள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சாம்பல் நிறத்தின் நடுவே நாலணா அளவுக்கு ஒரு ஈரம் படர்வது போல் கறுப்பு தோன்றியது. கையை நகர்த்த நகர்த்த அதுவும் கூடவே நகர்ந்தது. நொறுங்கிய மேல்தோல் இளகி மறுபடி ஒன்று சேர்கிறது. வெளிப்பக்கம் பாதி முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்பும் சாம்பலும் சேர்கிற கோட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "டெலிவரி எடுத்தப்ப இந்தக் கலர்தான்டா" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் இடது ஓரத்தில் ஒரு நொடி அதிகம் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் சொரசொரப்பு போய், கட்டைவிரல் அளவுக்கு வழவழவென்று ஆகிவிட்டது. அதற்கு மாற்று இல்லை. பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி வாக்கில் உருகிவிடும். ஹீட் கன்னின் காற்று அதைவிட ரொம்பச் சூடு. பம்பரை வண்டியிலேயே வைத்துச் செய்தால் பக்கத்து பெயிண்டும் கொப்பளிக்கும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் இந்த முறை தாங்காது என்றும் நினைக்கிறேன். அதனால் ஆறியதும் வண்டியின் வெளிப்புற பிளாஸ்டிக் பாகங்களுக்கான கோட்டிங் இரண்டு கை பூசினேன்.

விளக்குச் சட்டத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. பழைய கம்ப்யூட்டர் சேகரிப்பவர்கள் 2008 வாக்கில் பிரபலமாக்கிய முறை இது, ரெட்ரோபிரைட் என்பார்கள். ஏபிஎஸ்ஸில் ரப்பர் தன்மையுள்ள ஒரு பகுதி உண்டு. வெளிச்சமும் சூடும் பட்டு ஆக்சிஜனோடு அது சேர்ந்துதான் மஞ்சளாகிறது. மெடிக்கலில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, உலோகக் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, சட்டத்தை முழுக்க மூழ்கவைத்து மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். வாயு வரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டேன். ஒரு ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் திட்டுத் திட்டாகிவிடும். இரண்டு நாளில் பால் வெள்ளை வரவில்லை, ஆனால் மஞ்சள் போய்விட்டது.

பின் விளக்கின் சிவப்பு மூடிகள் அக்ரிலிக். அவற்றுக்கு 1000, 1500, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீர் விட்டு வரிசையாகப் போட்டு, கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட் என்கிற மெருகுப் பசை. தின்னர் பக்கமே போகக் கூடாது; மயிரிழை வெடிப்பு விழும்.

எட்டு மாதம் ஆகிறது. பின் பம்பர் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. முன் பம்பரில் மாலை வெயில் படும் வலது மூலை மட்டும் லேசாக மங்கத் தொடங்கியிருக்கிறது. அந்த மூலைக்கு இப்போது ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு வைக்கிறேன்.