சட்டியில் சுட்ட சோடாப் பாண்

அப்பா இருந்தவரைக்கும் மார்ச் 17, அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பத்திரிசியாரின் திருநாள், எங்கள் வீட்டில் அரைப் பெருநாள். அவர் யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ் பழைய மாணவர். 1850இல் தொடங்கிய பள்ளிக்கூடம், 1881இல்தான் புனித பத்திரிசியார் கல்லூரி என்று பெயர் மாறியது. இந்த இரண்டு வருடங்களையும் எங்களுக்கு வாய்ப்பாடு போலப் பாடமாக்க வைத்தவர். தன் காலத்து ஐரிஷ் குருமாரின் கதைகளைச் சொல்லிக்கொண்டே பின்னேரம் கேக் வாங்கி வருவார். அயர்லாந்துச் சாப்பாடு என்று ஒன்று இருக்கும் என்பது அவருக்குத் தோன்றியிருக்கவே மாட்டாது.

எனக்கும் தோன்றியிருக்காது, தம்பி அயர்லாந்தின் கோர்க் நகரத்துக்கு வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால். இந்த வருடம் அப்பாவை நினைத்து நானே சமைப்பது என்று முடிவெடுத்தேன். முதலில் ஆட்டிறைச்சி ஸ்டூ என்றுதான் யோசித்தேன். ஆட்டிறைச்சி, கிழங்கு, வெங்காயம், தண்ணீர், அவ்வளவுதான். மாமி ஒரே சொல்லில் முடித்தார்: "தவக்காலத்தில இறைச்சியோ?"

நியாயம்தான். பத்திரிசியார் திருநாள் அனேகமாக எல்லா வருடமும் தவக்காலத்துக்குள் வந்து விழுகிறது. உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சியான கோர்ன்ட் பீஃப் பற்றியும் கேட்டுப் பார்த்தேன், தம்பி சிரித்தான். அது அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர் அங்கே பழகிய சாப்பாடாம். அயர்லாந்தில் வீட்டில் பன்றி இறைச்சியும் கோவாவும்தானாம். அதுவும் இறைச்சிதான். ஆகவே மிஞ்சியது இரண்டு: கொல்கனன், சோடாப் பாண்.

கொல்கனன் என்பது பிசைந்த கிழங்குக்குள் கோவாவோ கேல் கீரையோ கலந்தது. பெயருக்கே 'வெள்ளைத்தலைக் கோவா' என்றுதான் அர்த்தமாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் செம்மண் ஒட்டிய ஊர்க் கிழங்கு வந்திருந்தது, ஒரு கிலோ வாங்கினேன். அவித்து, சூடு ஆறும் முன் தோலுரித்து, சுடுபாலும் பட்டரும் விட்டு மசித்தேன். மெல்லிசாக அரிந்து அவித்த கோவாவைப் பிழிந்து போட்டேன். கடைசியில் வெங்காயத்தாள். கோப்பையில் குவித்து, நடுவில் குழி பறித்து, குழிக்குள் பட்டர் உருக்கி விட வேண்டும். ஓரத்திலிருந்து அள்ளி அந்தப் பட்டரில் தோய்த்துச் சாப்பிடுவது முறை. "அக்கா, அது ஒக்டோபர் கடைசியில ஹலோவீனுக்குத்தான் விசேஷம்" என்று தம்பி குற்றம் பிடித்தான். சரி, இருக்கட்டும். பருவத்துக் கிழங்கு எனக்கு மார்ச்சில்தானே கிடைக்கிறது.

கிழங்கு மசிக்கும்போது ஒன்று நினைவில் வந்துகொண்டே இருந்தது. 1845இல் இந்தக் கிழங்கில் நோய் விழுந்துதான் அந்த நாட்டில் ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் செத்தார்கள், இன்னும் பத்து இலட்சம் பேரளவில் கப்பலேறினார்கள். அப்படிச் சாகவைத்த கிழங்கை இன்னும் திருநாளுக்குச் சமைக்கிறார்கள்.

பாண்தான் என்னைப் படுத்தியது. சோடாப் பாணுக்கு ஈஸ்ட் இல்லை, பொங்க விடுவதில்லை, அடித்துப் பிசைவதும் இல்லை. அங்கே விளையும் மென்மையான கோதுமைக்கு ஈஸ்ட் சரிவராததால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோடா வந்தவுடன் பிடித்துக்கொண்டார்களாம். மோரின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேர்ந்து வாயு கிளம்ப, அதுவே மாவைத் தூக்கும். நான் பாலப்பத்துக்குப் போடும் கைப்பழக்கத்தில் சோடாவைக் கண்ணளவாகப் போட்டேன். மோரும் நம்முடைய தண்ணி மோர். ஓவனிலிருந்து இறக்கினால் உள்ளே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி, வாயில் வைத்தால் சவுக்காரம். கோழிகூட இரண்டு கொத்துக் கொத்திவிட்டுப் போய்விட்டது.

இரண்டாவது தரம் அளந்தே போட்டேன்: அவிக்காத கோதுமை மா 450 கிராம், சோடா மட்டமாக ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, புளித்த தயிரைக் கடைந்து கட்டியான மோர் 350 மில்லிலீற்றர் அளவில். விரல்களை நண்டுக்கால் மாதிரி விரித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். உருட்டித் தட்டி, மேலே கத்தியால் ஆழமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறினேன். பாணுக்குள் இருக்கும் குட்டித் தேவதைகள் வெளியே போவதற்கு என்று அங்கே சொல்வார்களாம். உண்மையில் நடுப்பகுதி வேகத்தான் அந்தக் கீறல். மாமி எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, பாணுக்குச் சிலுவை போட்டிருக்கிறாய்?" கை தன்பாட்டில் நெற்றிக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மாவு கலந்தாயிற்று, சோடா காத்திருக்காது. நான் தலையில் கை வைக்க, மாமி பேசாமல் பின்பக்கம் போய்ச் சிரட்டைக்கரியை மூட்டினார். 90களில் கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் கிறிஸ்மஸ் கேக் சுட்ட கை. பெரிய சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு, தட்டில் பாண், மூடியாகத் தகரம், தகரத்தின்மேல் தணல். "கீழ கொஞ்சம், மேல கூட" என்றபடி சுளகால் ஒரு விசிறு. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். பழைய ஐரிஷ் பண்ணை வீடுகளில் மூன்று கால் இரும்புச் சட்டிக்குள் பாணை வைத்து, மூடிமேல் தணல் கொட்டித்தான் சுடுவார்கள், பாஸ்டிபிள் என்று பெயர் என்று எழுதினான். மாமியிடம் சொன்னேன். "பின்ன வேற எப்படிச் சுடுறது?" என்றார்.

ஐம்பது நிமிடம். அடியைத் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது, அதுதான் பதம். ஒரு பக்கம் கருகல். மற்றப் பக்கம் பொரிந்த பழுப்பு, பிட்டால் கரகரவென்று உதிர்ந்தது. அந்தப் பக்கத்தைப் பட்டர் பூசி நானே முதலில் தின்றேன்.

இவர் மட்டும் கொல்கனனை ஒரு வாய் வைத்துவிட்டு, "காய்ச்சல்காரருக்குக் குடுக்கிறதோ இது?" என்று கேட்டார். எழும்பிப் போய்ச் செத்தல் மிளகாய் பொரித்துச் சம்பல் இடித்தேன். கிழங்கு, கோவா, பட்டர்க் குழி, அதன் பக்கத்தில் செக்கச்செவேலென்று ஒரு உருண்டை. எனக்கும் அப்போதுதான் வாய் திறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தம்பி வீடியோவில் வந்தான். அங்கே மத்தியானம், விடுமுறை, தெருவில் ஊர்வலம், தூறல். பாணைத் தூக்கிக் காட்டினேன், மாமியின் சட்டியைக் காட்டினேன், அப்பாவின் படத்துக்கு முன்னால் வைத்த துண்டையும் காட்டினேன்.

"அக்கா," என்றான், "அந்தச் சம்பலைக் கொஞ்சம் கிட்டக் காட்டு."