மாசம் 8 டாலர்

டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்து ஏழு வருஷம் ஆச்சு, சென்னையில தான் ஆபீஸ். பழைய அமெரிக்க ரெக்கார்டுங்களோட ஸ்கேன் இமேஜ் ஸ்க்ரீன்ல வரும், அதுல இருக்கற பேர், வயசு, ஊர், தேதி எல்லாம் பாத்து டைப் பண்ணணும். மொத ரெண்டு வருஷம் எனக்கு அது வெறும் கையெழுத்து தான், கப்பல் லிஸ்ட் வந்தாலும் சென்சஸ் வந்தாலும் டார்கெட் முடிஞ்சா போதும்னு இருந்தேன்.

மிசிசிப்பி கல்யாண ரெஜிஸ்டர் வந்தப்பதான் அது மாறிச்சு. 1864, 65ல, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடியற நேரம், அந்த மாநிலத்துல விக்ஸ்பர்க், நாச்செஸ் பக்கம் அடிமைத்தனத்துலேர்ந்து வெளிய வந்த கறுப்பின ஜோடிங்களுக்கு வடக்கு மாநிலங்களோட ராணுவத்துக்காரங்க கல்யாணத்த பதிவு பண்ணி வச்ச நோட்டு. அதுவரைக்கும் அவங்க கல்யாணத்துக்கு சட்டத்துல மதிப்பே கிடையாது, முதலாளி நெனச்சா புருஷன தனியா பொண்டாட்டிய தனியா வித்துடலாம், பொறக்கற குழந்தை அம்மாவோட முதலாளிக்கு சொந்தம். அதனால அந்த ரெஜிஸ்டர்ல இதுக்கு முன்னாடி யார்கூடயாவது வாழ்ந்தீங்களா, எத்தன வருஷம், எதனால பிரிஞ்சீங்க, எத்தன குழந்தைன்னு தனித்தனியா கட்டம் இருக்கும். ஒரு பொண்ணு, வயசு 34, முந்தினவர்கூட 9 வருஷம், குழந்தை 4. பிரிஞ்ச காரணம்ங்கற எடத்துல விற்பனைன்னு ஒரே சொல். வேற ஏதாவது வார்த்தையா இருக்குமோன்னு ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்தேன். இல்ல, அதே தான்.

அதுக்கப்புறமும் அவ இன்னொருத்தர நம்பி வந்து பேர் குடுத்துருக்கா. நாம கல்யாணம்னா கால்கட்டு போடறதுன்னு சொல்றோம், என் கல்யாணப் பேச்சு எடுத்தப்ப நானும் அப்படித்தான் பயந்தேன், வேலைய விடச் சொல்லிடுவாங்களோன்னு. அவளுக்கு கால்கட்டு அவுந்ததுக்கு சாட்சியே இந்த ஒரு வரி தான். இனிமே இவர என்கிட்டேர்ந்து யாரும் விக்க முடியாதுன்னு.

அப்புறம் பென்ஷன் ஃபைல்ஸ் வந்துச்சு, போர்ல செத்துப்போன கறுப்பின சிப்பாய்ங்களோட மனைவிங்க போட்ட மனு. சாதா சிப்பாயோட விதவைக்கு மாசம் 8 டாலர். கேக்க கம்மியா தெரியும், ஆனா 1880கள்ல அட்லாண்டால நாள் முழுக்க துணி துவைச்ச பொண்ணுங்களுக்கே மாசம் 4லேர்ந்து 8 டாலர் தான் கெடச்சுது. யார் கையையும் எதிர்பாக்காம வாடகை குடுக்கற காசு அது. அதுக்கு புருஷன்னு நிரூபிக்கணும், சர்டிஃபிகேட் ஏது? ஆபீசர் வந்து பக்கத்து வீடு, பிரசவம் பாத்த பாட்டி, சில சமயம் பழைய முதலாளிகிட்டயே போய் இவங்க நெஜமாவே புருஷன் பொண்டாட்டியா வாழ்ந்தாங்களான்னு விசாரிப்பார். கடைசியில கைநாட்டு மாதிரி ஒரு பெருக்கல் குறி, சுத்தி எழுதினதெல்லாம் கிளார்க்கோட கையெழுத்து. அந்தக் குறி மட்டும் கோணலா, அழுத்தமா இருக்கும்.

மறுபடி கல்யாணம் பண்ணா பணம் நின்னுடும். சரி கல்யாணம் பண்ணாம ஒருத்தர்கூட இருக்கலாம்னா, 1882ல அதுக்கும் சட்டம் போட்டாங்க, அப்படி வாழறது தெரிஞ்சா பென்ஷன் கட். ஒரு பக்கம் துணை, ஒரு பக்கம் சொந்தக் காசு, ரெண்டும் வேணும்னு ஒரு பொண்ணு ஆசப்படறதுல என்ன தப்பு? அப்பா போனப்புறம் மறுமணம் செய்யலன்னு எங்கம்மாவும் எழுதிக் குடுத்தாங்க, ஃபார்ம் ஃபில் பண்ணது நான் தான். அன்னிக்கு எதுவும் தோணல. இந்த ஃபைலப் பாத்தப்ப தோணுச்சு.

அடிமைத்தனத்துலேர்ந்து தானும் தப்பிச்சு, மத்தவங்களையும் தப்பிக்க வச்ச ஹாரியட் டப்மன்ங்கற கறுப்பினப் பொண்ணப் பத்தி தேடிப் படிச்சதும் இதனால தான். மேரிலேண்ட்ல 1844 வாக்குல ஜான் டப்மன கட்டிக்கிட்டாங்க, அவர் சுதந்திரமானவர், இவங்க அடிமை. 1849ல தப்பிச்சுப் போய் வேலை செஞ்சு காசு சேத்து, 1851ல அவருக்குன்னு ஒரு கோட்டு சூட்டு வாங்கிக்கிட்டு உயிரப் பணயம் வச்சு திரும்பி வந்தா, அவர் வேற பொண்ண கட்டிக்கிட்டிருந்தார். அழுதுட்டு உக்காரல, தப்பிக்க காத்திருந்த வேற ஆளுங்கள கூட்டிக்கிட்டு போய்ட்டாங்க. அந்த சூட்டு என்ன ஆச்சோன்னு எனக்கு ரொம்ப நாள் மனசுல ஓடுச்சு. 1869ல நியூயார்க் மாநிலத்துல இருக்கற ஆபர்ன் ஊர்ல, தன்னவிட 20 வயசுக்கு மேல சின்னவரான நெல்சன் டேவிஸ கல்யாணம் பண்ணாங்க, அவரும் சிப்பாயா இருந்தவர். 1888ல அவர் போய்ட்டார். ராணுவத்துல அவருக்கு இருந்த பேர் வேற, அதையும் விளக்கி, ரெண்டு கல்யாணத்தையும் விளக்கி எழுதிக் குடுத்து, 1895ல தான் 8 டாலர் வந்துச்சு. 1899ல 20 ஆச்சு, போர்ல நர்ஸா செஞ்ச வேலைக்கும் சேத்து.

எங்க ப்ராஜெக்ட்ல பேர், வயசு, தேதி, ஊர், இவ்ளோ தான் டைப் பண்ணணும். பிரிஞ்ச காரணம், வாழ்ந்த வருஷம் எல்லாம் க்ளையன்ட் குடுத்த ஸ்பெக்லயே இல்ல. அதையும் சேக்கலாமேன்னு டீம் லீட் கிட்ட ரெண்டு தடவ கேட்டேன், க்ளையன்ட் கேக்கலம்மான்னு சொல்லிட்டார். நாளைக்கு யாராவது அந்த 34 வயசு பொண்ண தேடினா பேர் வரும், அந்த 9 வருஷம் தேடல்ல வராது. அதனால டைப் பண்ணாத கட்டத்தையும் நிதானமா படிச்சிட்டுதான் அடுத்த இமேஜுக்கு போறேன். டார்கெட்ல ஒரு நாளைக்கு பத்து பதினஞ்சு கொறையுது.