மரத்தில் செய்து பார்த்த மூன்று துவக்குப் பொறிகள்

ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் பழைய துவக்குகளின் பின்வாய்ப் பொறிகளை, அதாவது தோட்டா போடும் குழலின் பின்பக்க வாயைத் திறந்து மூடும் பொறிகளை, மரத்தில் செய்து வருகிறேன். இரண்டு முடிந்துவிட்டன, மூன்றாவது பாதியில் நிற்கிறது. எல்லாம் அசலைப் போல இரண்டு மடங்கு பெரிது. உள்ளே நடப்பது தெரிய ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறேன். குழலும் பிடியும் கிடையாது. துவக்கு வடிவில் எதையும் யாழ்ப்பாணத்தில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை, தேவையும் இல்லை. உடலுக்குப் பூவரசு, அசையும் பாகங்களுக்கு முதிரை, அச்சுகளுக்கு ஸ்ரான்லி வீதியில் வாங்கிய பித்தளைக் கம்பி.

எனக்கு மிகப் பிடித்தது ரெமிங்டன் ரோலிங் பிளொக். லெனார்ட் கைகரின் 1863 காப்புரிமையில் தொடங்கி, ஜோசப் ரைடர் திருத்தி எடுத்த பொறி. அடைப்புக் கட்டை ஒன்று, அதற்குப் பின்னால் அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் குதிரை ஒன்று, தலா ஓர் அச்சு. குதிரையை இழுத்துவிட்டுக் கட்டையைப் பெருவிரலால் பின்னுக்குப் புரட்டினால் வாய் திறக்கும். மூடிவிட்டு விசையை இழுத்தால், குதிரை முன்னுக்கு விழும்போதே அதன் வளைந்த தோள் கட்டைக்கு அடியில் புகுந்து முட்டுக்கொடுக்கிறது. வெடியின் உதை கட்டையைத் தள்ளத் தள்ள அந்த முட்டு இன்னும் இறுகும். கட்டை திறந்திருந்தால் குதிரை விழ வழியே இல்லை. சுடுகிற அசைவே பூட்டுகிற அசைவாகவும் இருக்கிறது. இதைவிட அழகான யோசனையை இந்த மூன்றில் நான் காணவில்லை. டென்மார்க்கும் சுவீடனும் 1867இலேயே இதைத் தங்கள் படைகளுக்கு எடுத்தன.

இதில் வேலை முழுக்க அந்த இரண்டு வளைவுகளில்தான். கரி பூசி, உரசும் இடம் பார்த்து, அரத்தால் ராவி, திரும்பவும் கரி. கட்டையின் முகத்தை எவ்வளவு அழுத்தினாலும் அது அசைய மறுத்த அந்தக் கணத்தில் அவ்வளவு சந்தோசம்.

அப்புறம் மார்ட்டினி. அமெரிக்கரான பீபொடி 1862இல் காப்புரிமை பெற்ற பொறிக்கு வெளியே குதிரை இருந்தது. சுவிட்சர்லாந்தில் மார்ட்டினி அதை எடுத்துவிட்டு, சுருள்வில்லோடு, தோட்டாவை அடிக்கும் ஓர் ஊசியைக் கட்டைக்குள்ளேயே வைத்தார். பிரித்தானியப் படை 1871இல் ஏற்ற மார்ட்டினி ஹென்றி இதுதான். நெம்புகோலை ஒரு தரம் இறக்கினால் போதும்: வாய் திறக்கும், வெற்றுத் தோட்டா வெளியே வரும், ஊசியும் தயாராகும். உதையைத் தாங்குவது அச்சு அல்ல, கட்டையின் உருண்ட பின்முனை சாய்ந்திருக்கும் உடலின் குழிவுதான். அதனால் அச்சைத் தளர்வாகவே விட்டேன். ஒரு குறை: கட்டை இறங்கினாலும் பின்பக்கம் மறைந்தே இருக்கிறது, குழலைப் பின்னாலிருந்து நேராகத் துடைக்க முடியாது.

அந்தக் குறை இல்லாதது பிரவுனிங்கின் பொறி. 1879இல் காப்புரிமை பெற்றார். 1883இல் வின்செஸ்டர் துவக்கு நிறுவனம் 8,000 டொலருக்கு வாங்கி 1885 மொடலாக வெளியிட்டது. கட்டை செங்குத்தான பள்ளத்தில் நேரே கீழிறங்கும், குதிரையும் கூடவே இறங்கும். கட்டைக்குப் பின்னால் உடலின் முழுச் சுவரும் நிற்பதால் பலத்தில் இதுதான் முதலிடம்.

ஆனால் மரத்துக்கு இது கடினம். மாரியில் யன்னல் இறுகுவது போல என் கட்டையும் பள்ளத்தில் இறுகிவிட்டது. ரோலிங் பிளொக்கை ஈரம் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுத் தச்சர் அண்ணையிடம் காட்டினேன். "இப்ப சீவாதை தம்பி, காயட்டும். ஈரத்தோடை சீவினா வெயிலுக்கு லொடலொடக்கும்" என்றார். சரி, தை மாத வெயில் வரும்வரை கட்டையைத் தொடப்போவதில்லை. அதற்கிடையில் நெம்புகோலையும் கட்டையையும் இணைக்கும் சின்னத் துண்டை வெட்டலாம். அதன் துளை விளிம்புக்கு மிக அருகில் வருகிறது. முதிரை என்றாலும் பிளந்துவிடும், பித்தளைத் தகடுதான் சரி.